வரிசையில் நின்றே முடிந்துபோகும் பயிற்சி: காற்பந்துத் திடலில் பிள்ளைகளைச் சும்மா நிற்க விடாதிருப்பது எப்படி?

சனிக்கிழமை மாலை. பள்ளித் திடலில் பதினாறு பிள்ளைகள் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். முன்னால் ஐந்து கோன்கள். முதல் பையன் கோன்களுக்கு இடையே பந்தை வளைத்து வளைத்து உருட்டிச் சென்று கோலை நோக்கி உதைக்கிறான். பந்து கம்பத்துக்கு வெளியே போய் வேலியோரம் நிற்கிறது. அவன் அதை எடுக்க ஓடுகிறான். வரிசை காத்திருக்கிறது.

இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை. பின்னால் நிற்பவன் முன்னால் நிற்பவனின் ஜெர்சியை இழுக்கிறான். ஒருவன் கோனை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொள்கிறான். கடைசியில் நிற்பவன் உட்கார்ந்து புல்லைப் பிடுங்குகிறான். பயிற்றுநர் விசில் ஊதுகிறார். சத்தம் போட்ட மூவருக்கும் தண்டனை, திடலைச் சுற்றி இரண்டு சுற்று ஓட்டம்.

தமிழ்ப்பள்ளித் திடலிலும், தோட்டத்துத் திடலிலும், அடுக்குமாடி வீடுகளுக்குப் பக்கத்தில் உள்ள ஃபுட்சால் களத்திலும் இது பழகிப்போன காட்சி. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒழுங்கே இல்லை" என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் கோளாறு வேறு இடத்தில் இருப்பது தெரியும்.

*வரிசையின் கணக்கு*

ஒரு பிள்ளை கோன்களைக் கடந்து உதைத்து முடிக்க 15 வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பதினாறு பேர் ஒரே வரிசையில் நின்றால் ஒரு சுற்று முடிய 4 நிமிடம். இந்தப் பயிற்சி 20 நிமிடம் நடந்தால் ஒவ்வொருவருக்கும் ஐந்து முறைதான் வாய்ப்பு வரும். அதாவது, ஒரு பிள்ளை பந்தோடு இருப்பது 75 வினாடி. மீதி 18 நிமிடம் 45 வினாடியும் அவன் நிற்கிறான்.

அதே பதினாறு பேரை நான்கு நான்காகப் பிரித்து நான்கு வரிசை வைத்தால் ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை வாய்ப்பு வரும். அதே 20 நிமிடத்தில் இருபது வாய்ப்பு. இருவருக்கு ஒரு பந்து கொடுத்து எதிரெதிரே நிறுத்திவிட்டால் வரிசையே தேவையில்லை. பயிற்றுநர் அவரேதான், பிள்ளைகளும் அவர்களேதான். ஏற்பாடு மட்டுமே மாறியிருக்கிறது.

எட்டு, பத்து வயதுப் பிள்ளைக்குக் காத்திருப்பது இயல்பாக வராது. அவன் விளையாடத்தான் வந்திருக்கிறான். விளையாட்டு கிடைக்காதபோது அவனே ஒன்றை உண்டாக்கிக்கொள்கிறான். ஜெர்சியை இழுப்பதும் கோனைத் தலையில் வைப்பதும் அப்படி வந்தவைதான். வரிசையைக் குறைத்தால் குறும்பில் பெரும்பகுதி தானாகவே குறைந்துவிடும்.

*லயத்துப் பிள்ளைகள் வரிசையில் நின்றதில்லை*

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் வேலை முடிந்து பெரியவர்கள் லயத்துக்குத் திரும்பும் நேரத்தில் பிள்ளைகள் திடலில் இருப்பார்கள். இரண்டு ஜோடிச் செருப்புதான் கோல் கம்பம். முதலில் வந்த இருவர் ஒருவருக்கு எதிராக ஒருவர் ஆடத் தொடங்குவார்கள். மூன்றாமவன் வந்தால் கோல் காவலன். நான்காமவன் வந்ததும் குழு பிரித்துக்கொள்வார்கள். யாரும் விசில் ஊதவில்லை. யாரும் வரிசையில் நிற்கவுமில்லை. இருட்டும் வரை எல்லாருடைய காலிலும் பந்து பட்டுக்கொண்டே இருந்தது.

அந்தத் திடல்களில் பல இன்று இல்லை. தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு முறையோ இரு முறையோ கிடைக்கும் பயிற்சி நேரம்தான் காற்பந்து ஆடும் நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்காக அப்பா வேலையிலிருந்து நேராக மோட்டாரில் வந்து பிள்ளையை ஏற்றிக்கொண்டு வருகிறார். சில இடங்களில் மாதக் கட்டணமும் உண்டு. அந்த மணி நேரத்தில் பெரும்பகுதி வரிசையில் நிற்பதிலேயே போனால் இழப்பு பெரிது. மூன்று நான்கு வாரம் நின்று சலித்த பிள்ளை, "எனக்குக் காற்பந்து பிடிக்கவில்லை" என்று வீட்டில் சொல்லிவிடுவான். பிடிக்காமல் போனது நிற்பதுதான் என்பதை அவனுக்கே சொல்லத் தெரியாது.

1970, 80களில் தேசியக் குழுவின் கோல் வலையைக் காத்த ஆர். ஆறுமுகத்தையும், 2010ஆம் ஆண்டில் மலேசியாவுக்குச் சுசுகி கிண்ணத்தை வென்று தந்த பயிற்றுநர் கே. ராஜகோபாலையும் நினைவில் வைத்துப் பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்பும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். எல்லாப் பிள்ளையும் அந்த அளவுக்கு வரப்போவதில்லை. ஆனால் பந்தைத் தொடாமல் எந்தப் பிள்ளையும் எந்த அளவுக்கும் வரப்போவதில்லை.

*நேரம் எங்கே போகிறது?*

பயிற்சியில் பிள்ளைகள் சும்மா நிற்கும் இடங்கள் ஐந்து. பயிற்றுநர்கள் முதலில் இவற்றை அடையாளம் காண வேண்டும்.

முதலாவது, பயிற்சி தொடங்குவதற்கு முன். ஐந்து மணிப் பயிற்சிக்கு நாலே முக்காலுக்கே வந்துவிடும் பிள்ளைகள் உண்டு. "எல்லாரும் வரட்டும்" என்று அவர்களை உட்கார வைத்தால், நேரத்தோடு வந்தவனுக்குத்தான் தண்டனை. லயத்துத் திடலின் வழக்கத்தையே இங்கும் கொண்டுவரலாம். முதலில் வரும் இருவருக்கு ஒரு பந்தும் இரண்டு கோனும் கொடுத்து ஆடச் சொல்லலாம். வருபவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொள்வார்கள். பயிற்சி தொடங்குவதற்குள் உடம்பும் சூடாகியிருக்கும். அடுத்த வாரம் சீக்கிரம் வர வேண்டும் என்ற ஆசையும் வந்திருக்கும்.

இரண்டாவது, வரிசை. இதன் கணக்கை மேலே பார்த்தோம். ஒரு வரிசையில் நால்வருக்கு மேல் நிற்கக் கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொண்டாலே போதும்.

மூன்றாவது, ஒரு பயிற்சி முடிந்து அடுத்த பயிற்சி தொடங்குவதற்கு இடைப்பட்ட நேரம். பயிற்றுநர் குனிந்து கோன்களைப் பொறுக்கி வேறு இடத்தில் வைக்கிறார். பிப்புகளைத் தேடுகிறார். அந்த மூன்று நான்கு நிமிடத்தில்தான் சண்டை வருகிறது. ஒரு மணி நேரத்தில் நான்கு முறை இப்படி நடந்தால் கால் மணி நேரம் போய்விடும்.

நான்காவது, நீண்ட பேச்சு. பத்து வயதுப் பிள்ளைகளை நிற்க வைத்து ஐந்து நிமிடம் விளக்கினால், முதல் அரை நிமிடத்தில் சொன்னது மட்டுமே மனத்தில் நிற்கும்.

ஐந்தாவது, "அவுட்" ஆகும் விளையாட்டுகள். பந்தை இழந்தவன் வெளியேற வேண்டும் என்ற விதி பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் முதலில் வெளியேறுவது யார்? பந்தைக் கட்டுப்படுத்தத் தெரியாதவன். பயிற்சி அதிகம் தேவைப்படுபவனே திடலோரம் அதிக நேரம் உட்கார்ந்திருக்கிறான். நன்றாக ஆடுபவனுக்கு மேலும் பயிற்சி கிடைக்கிறது. வெளியேற்றுவதற்குப் பதிலாக, பந்தை இழந்தவன் ஓரத்துக்குப் போய்ப் பந்தின் மேல் மாறி மாறிப் பத்து முறை காலை வைத்துவிட்டுத் திரும்ப உள்ளே வரலாம் என்று விதியை மாற்றினால், விறுவிறுப்பும் குறையாது. யாரும் உட்காரவும் மாட்டார்கள்.

*கோனை நகர்த்தாமல் மூன்று பயிற்சி*

இடைவேளையில் பிள்ளைகளுக்கு என்ன வேலை கொடுப்பது என்று யோசிப்பதற்கு முன், அந்த இடைவேளையையே குறைக்க முடியுமா என்று பார்ப்பது நல்லது. இதற்குச் செலவு எதுவும் இல்லை. பயிற்றுநர் பத்து நிமிடம் முன்னதாக வந்தால் போதும்.

பதினாறு பேருக்கு 25 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலத்தில் பக்கம் பக்கமாக இரண்டு கட்டங்களைக் கோன்களால் அமைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கட்டத்தையும் நடுவில் ஒரு கோன் வரிசையால் இரண்டாகப் பிரிக்கலாம். இனி கோன்களைத் தொடவே தேவையில்லை.

முதல் பயிற்சியில் கட்டத்துக்கு எட்டுப் பேர் இருவர் இருவராக நகர்ந்துகொண்டே பந்தைப் பாஸ் செய்கிறார்கள். இரண்டாவதில் பாதிக் கட்டத்துக்கு நால்வர். மூவர் பந்தைத் தங்களுக்குள் கடத்த, நடுவில் நிற்பவன் அதைப் பறிக்க முயல்கிறான். பறிகொடுத்தவன் நடுவுக்குப் போகிறான். பார்சிலோனா கழகத்தின் பயிற்சியால் 'ரொண்டோ' என்ற பெயரில் உலகெங்கும் தெரிந்த முறை இது. நம் பிள்ளைகள் பள்ளி இடைவேளையில் பெயர் தெரியாமலேயே ஆடும் விளையாட்டும் இதுதான். மூன்றாவதில் நடுக்கோட்டை மறந்துவிட்டு முழுக் கட்டத்தில் நால்வருக்கு நால்வர் ஆட்டம். இரண்டு பக்கமும் செருப்போ கோனோ கோல் கம்பம்.

ஒரு பயிற்சியிலிருந்து அடுத்ததற்கு மாற அரை நிமிடம் போதும். பிப்புகளைத் தொடக்கத்திலேயே அணிவித்துவிட்டால் குழு பிரிக்கும் வாக்குவாதமும் இருக்காது.

விளக்கும்போது பிள்ளைகள் வெயிலைப் பார்த்து நிற்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். பந்து வைத்திருப்பவர்கள் அதன் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு கேட்கட்டும். சொல்வதைவிடச் செய்து காட்டுவதே வேகமானது. இரண்டு பிள்ளைகளைக் கொண்டு ஒரு முறை செய்து காட்டிவிட்டு உடனே தொடங்கிவிடலாம். தவறுகளைப் பிறகு ஒவ்வொரு குழுவாகச் சென்று திருத்தலாம். ஒரு குழுவுக்குச் சொல்லும்போது மற்றக் குழுக்கள் ஆட்டத்தை நிறுத்தத் தேவையில்லை.

*காத்திருப்பவனுக்கும் ஒரு வேலை*

சில பயிற்சிகளில் காத்திருப்பதைத் தவிர்க்க முடியாது. கோல் உதைக்கும் பயிற்சிக்கு ஒரே ஒரு கோல் கம்பம்தான் இருக்கும். அப்போது வரிசையைச் சுழற்சியாக மாற்றலாம். பந்தை உதைத்தவன் அதை எடுத்து வருகிறான். எடுத்து வந்தவன் அடுத்தவனுக்குப் பாஸ் கொடுக்கிறான். பாஸ் கொடுத்தவன் தடுப்பாட்டக்காரனாக நிற்கிறான். தடுத்தவன் வரிசைக்குத் திரும்புகிறான். ஐந்து பேர் கொண்ட குழுவில் ஒரு நேரத்தில் ஒருவன்தான் நிற்பான். அவனும் அடுத்த உதைக்குத் தயாராக நிற்பவன்.

நிற்பவன் கையில் ஒரு பந்து இருந்தால் அதைக் காலால் தட்டித் தட்டி நிலத்தில் விழாமல் வைத்திருக்கச் சொல்லலாம். "போன வாரம் எத்தனை? இந்த வாரம் எத்தனை?" என்று கேட்டால், தன் எண்ணிக்கையைத் தானே மிஞ்சப் பார்ப்பான். அடுத்தவனோடு ஒப்பிடாமல் தன்னோடு தானே போட்டியிடும்போது திறன் குறைந்த பிள்ளையும் சோர்வதில்லை. பக்கத்தில் சுவர் இருந்தால் இடக் காலால் சுவரில் உதைத்துத் திரும்பி வருவதை நிறுத்தும் பயிற்சி கொடுக்கலாம்.

பந்தே இல்லையென்றால் பார்வைக்கு வேலை கொடுக்கலாம். "முன்னால் போகிறவன் உதைப்பதற்கு முன் எத்தனை முறை தலையை நிமிர்த்திப் பார்த்தான் என்று எண்ணிச் சொல்" என்றால், எண்ணுகிறவன் தன் முறை வரும்போது தானும் தலையை நிமிர்த்துவான். ஆனால் இந்த வேலை ஓரிரு நிமிடத்துக்குத்தான் தாங்கும்.

ஒன்று மட்டும் வேண்டாம். நிற்பவனைச் சும்மா விடக் கூடாது என்பதற்காகத் தண்டால் எடுக்கச் சொல்வதும் திடலைச் சுற்றி ஓட விடுவதும் பயன் தராது. ஓட்டம் காற்பந்தின் உயிர். அதைத் தண்டனையாக்கிவிட்டால் பிள்ளை ஓட்டத்தையே வெறுக்கத் தொடங்குவான்.

அதே நேரத்தில், எல்லா நிற்றலும் வீண் அல்ல. முழு வேகத்தில் ஓடும் பயிற்சிக்கு நடுவே உடம்புக்கு ஓய்வு வேண்டும். நம் ஊர் வெயிலில் கால் மணி நேரத்துக்கு ஒரு முறையாவது நிழலில் நின்று தண்ணீர் குடிக்க விட வேண்டும். முகம் சிவந்து, தலை சுற்றுகிறது என்று சொல்லும் பிள்ளையை உடனே நிழலுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ஓய்வு என்பது பயிற்றுநர் திட்டமிட்டுக் கொடுப்பது. சும்மா நிற்பது திட்டம் இல்லாததால் வருவது.

*நான்கு பந்து, பதினெட்டுப் பிள்ளைகள்*

"பந்து இருந்தால் செய்யலாம், எங்களிடம் நான்குதானே இருக்கிறது" என்பது பல பள்ளிகளில் உள்ள உண்மை நிலை. 150 மாணவருக்குக் குறைவான தமிழ்ப்பள்ளிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு குழு சேர்க்க நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை உள்ளவர்களை ஒன்றாகவே நிறுத்த வேண்டியிருக்கும். உயரமும் வேகமும் ஒன்றுபோல் இருக்காது.

இங்கே நிலையம் நிலையமாகப் பிரிக்கும் முறை கைகொடுக்கும். பதினெட்டுப் பேரை ஆறு ஆறாக மூன்று குழுவாக்கலாம். முதல் நிலையத்தில் இரண்டு பந்தோடு மூவர் மூவராகப் பாஸ் பயிற்சி. இரண்டாவதில் ஒரு பந்தோடு மூவருக்கு மூவர் ஆட்டம். மூன்றாவதில் பந்து இல்லாமலேயே உடல் பயிற்சி: ஒற்றைக் காலில் தடுமாறாமல் நிற்பது, பக்கவாட்டில் தாவுவது, கீழே விழும்போது உருண்டு எழுவது. காயங்களைத் தவிர்க்கச் சிறார்களுக்கென ஃபிஃபா அறிமுகப்படுத்திய பயிற்சித் தொகுப்பிலும் இப்படிப்பட்டவை உள்ளன. நிலையத்துக்கு 6 நிமிடம், மாறுவதற்கு ஒரு நிமிடம் என்றால் 20 நிமிடத்தில் மூன்றும் முடியும். நான்காவது பந்து ஆட்டம் நடக்கும் நிலையத்தின் ஓரத்தில் இருக்கட்டும். ஆடும் பந்து சாக்கடைக்குப் போனால் ஆட்டம் நிற்காது.

பயிற்றுநர் ஒருவர்தான் என்றால், திடலின் ஓரத்தில் வேலிக்கு முதுகு காட்டி நின்றால் மூன்று நிலையமும் கண்ணில் இருக்கும். ஆறாம் ஆண்டு மாணவர் ஒருவரை ஒவ்வொரு நிலையத்துக்கும் பொறுப்பாக்கலாம். வாரம் ஒருவர் என்று மாற்றினால் எல்லாருக்கும் அந்தப் பொறுப்பு கிடைக்கும். திடலோரம் காத்திருக்கும் அப்பாக்களில் ஒருவரை நேரம் பார்க்கச் சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

பந்தின் அளவையும் கவனிக்க வேண்டும். எட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு 3ஆம் எண் பந்து, ஏறக்குறைய பன்னிரண்டு வயது வரை 4ஆம் எண், அதற்கு மேல் 5ஆம் எண் என்பது பொதுவான வழக்கம். சிறு காலுக்குப் பெரிய பந்து கொடுத்தால் உதைத்தது போகாது. பிள்ளை தனக்குத் திறமையில்லை என்று நினைத்துக்கொள்வான்.

*உலகமும் இதே வழியில்தான்*

முழுத் திடலில் பதினோரு பேரை ஆட விட்டால் சிறு பிள்ளைகளில் பலர் பந்தைத் தொடாமலேயே ஆட்டம் முடிந்துவிடும். இதை உணர்ந்த ஜெர்மன் காற்பந்துச் சங்கம், 11 வயதுக்குட்பட்டோர் வரையிலான பிரிவுகளில் சிறு குழு ஆட்டமுறையை 2024/25 பருவத்திலிருந்து கட்டாயமாக்கியது. மிகச் சிறியவர்கள் இருவருக்கு இருவர், மூவருக்கு மூவர் என்று நான்கு சிறு கோல்களை வைத்து ஆடுகிறார்கள். உலகக் கிண்ணத்தை நான்கு முறை வென்ற நாடு, செருப்பைக் கோல் கம்பமாக்கி ஆடிய நம் லயத்து ஆட்டத்துக்கு நெருங்கி வந்திருக்கிறது என்றே சொல்லலாம்.

*இடி இடித்தால்*

மாலைப் பயிற்சிக்கு நம் நாட்டில் பெரிய எதிரி மழை. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடியோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் திடலை விட்டு வெளியேற வேண்டும். கடைசி இடி கேட்ட பிறகு 30 நிமிடம் வரை திரும்பக் கூடாது. மரத்தடியும் செம்பனை ஓரமும் ஒதுங்கும் இடமல்ல. பள்ளிக் கட்டடத்துக்குள் போக வேண்டும்.

அந்த அரை மணி நேரத்தையும் வீணாக்க வேண்டாம். தரையில் பாட்டில் மூடிகளை ஆட்டக்காரர்களாக வைத்து, 'ஆஃப்சைட்' விதியை விளக்கலாம். எதிரணியின் கோலுக்குப் பக்கத்தில் ஒரு மூடியை வைத்து, "இப்போது பாஸ் கொடுக்கலாமா?" என்று கேட்டால் பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே வாதாடித் தெளிவடைவார்கள். திடலில் பத்து முறை கத்திச் சொல்லியும் புரியாதது, வராந்தாவில் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

*ஒரு மணி நேரத்துக்கு ஒரு திட்டம்*

முதல் 10 நிமிடம்: வருபவர்கள் சேர்ந்துகொள்ளும் சிறு ஆட்டம். அடுத்த 10 நிமிடம்: இருவர் இருவராகப் பாஸ். பிறகு 15 நிமிடம்: நடுவில் ஒருவன் நின்று பந்தைப் பறிக்கும் பயிற்சி. அடுத்த 20 நிமிடம்: நால்வருக்கு நால்வர் ஆட்டம், எதிரணிகள் மாறி மாறி. கடைசி 5 நிமிடம்: உடம்பைத் தளர்த்திக்கொண்டே அன்று கற்றதைப் பற்றி ஓரிரு வார்த்தை, கோன் சேகரிப்பு. தண்ணீர் இடைவேளைகளும் இதற்குள்ளேயே அடக்கம். மாவட்டப் போட்டிக்குத் தயாராகும் 12 வயதுக்குட்பட்டோர் குழுவுக்கும் இது பொருந்தும். ஃப்ரீ கிக், கார்னர் போன்றவற்றை ஆட்டப் பகுதிக்குள் சேர்த்துக்கொள்ளலாம்.

பெற்றோர்களுக்கும் இதில் பங்கு உண்டு. திடலோரம் நின்று "ஓடு, அடி" என்று கத்துவதைவிட, பத்து நிமிடத்தில் தங்கள் பிள்ளையின் கால் எத்தனை முறை பந்தில் பட்டது என்று எண்ணிப் பார்க்கலாம். வீட்டுக்குப் போகும் வழியில் "எத்தனை கோல் அடித்தாய்?" என்பதற்குப் பதில் "இன்று என்ன ஆடினீர்கள்?" என்று கேட்கலாம். எண்ணிக்கை குறைவாக இருந்தால் பயிற்றுநரைக் குறை சொல்ல அவசரப்பட வேண்டாம். நம் பள்ளிகளில் பயிற்றுநராக நிற்பவர்களில் பலர், பாடம் நடத்திவிட்டுப் புறப்பாட நடவடிக்கைக்காக மாலையிலும் தங்கும் ஆசிரியர்கள். கோன் வைக்கவும் பந்து பொறுக்கவும் ஒரு கை கொடுத்தாலே அவர்களுடைய சுமை பாதியாகும்.

அடுத்த பயிற்சியின்போது பயிற்றுநர்கள் ஒன்று செய்து பார்க்கலாம். வரிசையின் கடைசியில் நிற்கும் பிள்ளையை மட்டும் ஐந்து நிமிடம் கவனியுங்கள். அவன் எத்தனை முறை பந்தைத் தொட்டான் என்று எண்ணுங்கள். எதை மாற்ற வேண்டும் என்பதை அந்த எண்ணிக்கையே சொல்லிவிடும்.